உஷார்! கேனில் இருக்கும் அந்த ஒரு எழுத்தைப் படித்தீர்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூர் பீளமேட்டில் வாடகைக்கு வீடு எடுத்து நண்பர்கள் இருவரோடு தங்கியிருக்கும் என் அக்கா மகனைப் பார்க்கப் போயிருந்தேன். சமையலறை மேடையில் வரிசையாக நாலு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் அன்னாசி, ஒன்றில் பெருநெல்லி, ஒன்றில் மாம்பழத் துண்டுகள். நாலாவது கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"என்னடா கண்ணு, ஊறுகாயா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் நெளிந்தான். "இல்லீங்க மாமா... எனக்குப் பீரு கசக்குதுங்க. வைன் ஒரே புளிப்பு. ரெண்டுமே தொண்டையில எறங்க மாட்டேங்குது. அதான் பழத்துல நாங்களே ஏதாச்சும் செஞ்சு பார்க்கலாம்னு..."

அன்னாசி ஜாடியில் வெல்லமும் ஈஸ்ட்டும் போட்டு நாலு நாளாக ஊற வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. அதைப் பார்த்து நான் பயப்படவில்லை. "நெல்லிக்கும் மாம்பழத்துக்கும் ஈஸ்ட்டு வேண்டாங்க மாமா, ஸ்பிரிட்ட ஊத்தி ஒரு மாசம் வெச்சாப் போதுமாம்" என்று சொல்லிவிட்டு, சிங்க்குக்குக் கீழே இருந்து ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்றை எடுத்து வைத்தான். கூட இருக்கும் பையன் வேலை பார்க்கும் பட்டறையில் இருந்து கொண்டு வந்ததாம். "சுத்தமானதுங்க மாமா. 99.9 சதவீதம்னு மேலயே போட்டிருக்குது பாருங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் படித்தேன். 99.9 என்று போட்டிருந்தது உண்மைதான். அதற்கு மேல் வரியில் என்ன போட்டிருந்தது என்பதை மூன்று பேரில் ஒருவரும் நின்று படிக்கவில்லை. மெத்தில் ஆல்கஹால். அதாவது மெத்தனால். பக்கத்திலேயே மண்டை ஓட்டுப் படம். 99.9 சதவீதம் சுத்தமான விஷம்!

சீல் இன்னும் உடைக்கவில்லை. அன்று சாயந்திரம் ஊற்றுவதாக இருந்தார்களாம். கேனைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது. இதை எழுதும்போதும் அந்த நடுக்கம் போகவில்லை. மூன்று பேரும் படித்த பிள்ளைகள். ஒருவன் பொறியியல் பட்டதாரி. அவர்களுக்கே இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால் இன்னும் எத்தனை வீட்டுச் சமையலறைகளில் இப்படி ஒரு கேன் காத்துக்கொண்டிருக்கிறதோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

குடிக்கும் மதுவில் இருப்பது எத்தனால். பட்டறையில் கரைப்பானாகப் பயன்படுவது மெத்தனால். எழுத்தில் ஒரு 'ம்' தான் கூட. பார்த்தால் இரண்டும் தண்ணீர் மாதிரி. வாசனையும் ஏறத்தாழ ஒன்றேதான். நாக்கில் வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஊரில் பெரிசுகள் சொல்லும் ஒரு சோதனை உண்டு: கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சி கிழித்துப் போட்டால் நீலமாக எரிய வேண்டும், அப்படி எரிந்தால் நல்ல சரக்கு. இதை நம்பாதீர்கள். எத்தனாலும் வெளிர் நீலமாக எரியும், மெத்தனாலும் வெளிர் நீலமாகத்தான் எரியும். வெயிலில் அந்தச் சுவாலை கண்ணுக்கே தெரியாது. பஞ்சில் வடிகட்டுவது, கரி போட்டு வைப்பது, எலுமிச்சை பிழிவது என்று எதைச் செய்தாலும் மெத்தனால் அப்படியேதான் இருக்கும். பரிசோதனைக் கூடத்தில் கருவி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். வீட்டில் தெரியாது.

அளவைச் சொன்னால்தான் ஆபத்து உறைக்கும். இருமல் மருந்து பாட்டிலோடு ஒரு சின்ன அளவு மூடி கொடுப்பார்களே, அதில் பத்து மில்லி கோடு இருக்கும். சுத்தமான மெத்தனால் அந்தப் பத்து மில்லி உள்ளே போனாலே பார்வை போக வாய்ப்பு உண்டு. முப்பது மில்லி, அதாவது ஒரு சின்னப் பெக், உயிரையே எடுத்துவிடலாம். என் அக்கா மகன் ஊற்றவிருந்த ஜாடி ஒரு லிட்டர் ஜாடி.

உள்ளே போன மெத்தனால் உடனே கொல்வதில்லை. அதுதான் கொடுமை. அதைக் கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி முதலில் ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது. பிணவறையில் உடல் கெடாமல் இருக்கப் பயன்படுத்துகிறார்களே, அதே பொருள்தான். பிறகு அது ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அந்த அமிலம். இது ரத்தத்தைப் புளிக்க வைத்து, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. கண் நரம்பு முதலில் அடி வாங்கும். இதெல்லாம் நடக்கப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை குடித்தவருக்குச் சாதாரண போதை, அப்புறம் சாதாரணத் தலைவலி. "ராத்திரி கொஞ்சம் அதிகமாயிருச்சு, தூங்கினாச் சரியாப் போயிரும்" என்று படுத்துவிடுவார். கூடவே நல்ல மதுவும் குடித்திருந்தால் அறிகுறி இன்னும் தாமதமாகும். ஏனென்றால் கல்லீரல் முதலில் எத்தனாலைத்தான் கவனிக்கும். மெத்தனால் வரிசையில் காத்திருக்கும். மறுநாள் மத்தியானம் வரை ஒன்றும் ஆகவில்லை என்பதால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்கவே கூடாது.

கள்ளக்குறிச்சியில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? 2024 ஜூன் 18 அன்று கருணாபுரத்தில் சாராயம் குடித்தவர்களுக்கு அடுத்த நாள் வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல், கண் மங்கல். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் அரசு மருத்துவமனைகளுக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒருவர், இருவர் என்று தொடங்கிய சாவு எண்ணிக்கை அறுபத்தைந்தைத் தாண்டியது. இறந்தவர்களில் பெண்களும் உண்டு. காரணம் மெத்தனால். அதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பு, 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர்ப் பக்கத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கேயும் தொழிற்சாலைக்கான மெத்தனால்தான். அதற்கும் முன்பு 2008 மே மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட சாவுகள்.

இதெல்லாம் கூலிக்காரர்கள் குடிசைப் பக்கத்தில் வாங்கிக் குடிக்கிற சமாச்சாரம், நமக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். வசதியான நாடுகளில் இருந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த இளம் வயதுக்காரர்கள் அதில் இருந்தார்கள். விஷத்துக்கு ஏழை, பணக்காரன் தெரியாது. படித்தவன், படிக்காதவன் தெரியாது.

கோயம்புத்தூர் ஊரின் அமைப்பே இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. இது தொழில் ஊர். மோட்டார் பம்ப்பு, கிரைண்டர், ஃபவுண்டரி, லேத் பட்டறை என்று தெருவுக்குத் தெரு வேலை நடக்கிறது. ஃபவுண்டரியில் அச்சுக்குப் பூசும் பூச்சைக் கரைக்க ஆல்கஹால் வகைக் கரைப்பான் வேண்டும். பெயின்ட் அடிப்பவருக்குத் தின்னர் வேண்டும். மர வேலைக்காரருக்கு அரக்கைக் கரைத்துப் பாலிஷ் போட ஸ்பிரிட் வேண்டும். திருப்பூர்ப் பக்கம் போனால் பிரின்டிங் பட்டறைகளில் வேறு வகைக் கரைப்பான்கள். இவை எல்லாவற்றையும் வாய்வழக்கில் "ஸ்பிரிட்" என்ற ஒரே பெயரில் சொல்கிறோம். மருந்துக் கடையில் புண் துடைக்க வாங்குவதும் ஸ்பிரிட், பாலிஷ் போடுவதும் ஸ்பிரிட், பட்டறைக் கேனில் வருவதும் ஸ்பிரிட். இந்த ஒற்றைப் பெயர் ஆளைக் கொல்கிறது. பாலிஷ் ஸ்பிரிட்டில் எத்தனால் இருக்கலாம், ஆனால் யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அதில் நச்சுப் பொருள் கலந்துதான் விற்பார்கள். மெத்தனால் அப்படிக் கலக்கும் பொருள்களில் ஒன்று. சானிடைசரிலும் இப்படி நச்சுப் பொருள் கலந்திருக்கலாம். 2020 ஏப்ரல் ஊரடங்கில் டாஸ்மாக் மூடியிருந்தபோது சூலூரில் ஒருவர் சானிடைசரைக் குடித்து இறந்தார். அதே மாதம் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் சவர லோஷனைக் குடித்தவர்கள் இறந்தார்கள். அந்த வருடமே ஆந்திராவின் குறிச்சேடு என்ற ஊரில் சானிடைசர் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

சரி, வெளியில் இருந்து எதையும் வாங்கவில்லை, பழமும் வெல்லமும் ஈஸ்ட்டும் மட்டும்தான் என்றால்? பயமுறுத்துவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். பழத்தில் பெக்டின் என்றொரு பொருள் இருக்கிறது. அது ஊறும்போது கொஞ்சம் மெத்தனால் வரும். கடையில் விற்கும் வைனிலும் அந்தக் கொஞ்சம் உண்டு. பழத்தை ஊற வைத்ததால் மட்டும் வரும் அந்த அளவு கண்ணைப் பறிக்காது. கள்ளக்குறிச்சியில் செத்தவர்கள் பழம் ஊறியதால் சாகவில்லை, ஊற்றிக் கலந்த மெத்தனாலால் செத்தார்கள். ஆனால் ஊற வைத்தவர்கள் அதோடு நிற்பதில்லை. "போதை பத்தலையே" என்று அடுத்த படி ஏறுகிறார்கள். குக்கரை எடுக்கிறார்கள்.

ஊரடங்குக் காலத்தில் குக்கரில் சாராயம் காய்ச்சியதாகத் தமிழ்நாடு முழுக்கப் பலர் கைதானார்கள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டோம் என்றே சிலர் சொன்னார்கள். சமையல் குக்கர் தண்ணீர் ஆவிக்காகச் செய்யப்பட்டது. உள்ளே இருக்கும் பழச் சக்கை மேலே எழும்பி ஆவி போகும் துளையை அடைத்துவிட்டால் அது வெடிகுண்டுதான். அடைக்கவில்லை என்றாலும் இணைப்பில் கசிவது ஆல்கஹால் ஆவி, கீழே எரிவது கேஸ் அடுப்பு. ஜன்னல் சாத்திய சின்னச் சமையலறையில் அது பற்றிக்கொள்ள ஒரு நொடி போதும். குழாயைப் பற்றவைத்த பற்றில் ஈயம் இருந்தால் அதுவும் சொட்டுச் சொட்டாகக் கரைந்து வரும். ஈயம் நரம்பையும் சிறுநீரகத்தையும் மெல்லக் கெடுக்கும்.

"மொதல்ல சொட்டுறதக் கொட்டிட்டா மெத்தனாலு போயிரும்" என்று ஒரு நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78 டிகிரி சொச்சத்தில் கொதிக்கும், ஆகவே முன்னது முதலில் வந்துவிடும் என்ற கணக்கு அது. தனித்தனியாக வைத்துக் கொதிக்க விட்டால் சரி. தண்ணீரும் எத்தனாலும் மெத்தனாலும் கலந்து கிடக்கும் ஊறலில் அப்படிக் கோடு போட்டுப் பிரிந்து வராது. முதல் சொட்டிலும் வரும், கடைசிச் சொட்டிலும் வரும். அதிலும் யாராவது ஏற்கெனவே மெத்தனால் கலந்ததை வாங்கி வந்து காய்ச்சினால் எத்தனை முறை கொட்டினாலும் பயன் இல்லை.

ஊறலை இறுக்கி மூடி வைப்பதிலும் ஆபத்து உண்டு. ஈஸ்ட் வேலை செய்யும்போது கார்பன் டை ஆக்சைடு வாயு வந்துகொண்டே இருக்கும். போக வழியில்லாத கண்ணாடி பாட்டில் ஒரு நாள் நடுராத்திரியில் வெடிக்கும். கண்ணாடித் துண்டு பறந்தால் மெத்தனால் இல்லாமலே கண் போகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் அக்கா மகன் அதைக் கேட்டுத்தான் முதலில் முகம் வெளுத்தான். "நாங்க விக்கலையேங்க மாமா, எங்களுக்குத்தானுங்க" என்றான். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் வருடத்தது. விற்றால்தான் குற்றம் என்று அதில் இல்லை. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதே குற்றம். மது என்றால் சாராயம் மட்டும் என்றும் இல்லை. கள், வைன், பீர், ஆல்கஹால் இருக்கும் திரவம் எதுவானாலும் அதற்குள் அடக்கம். மெத்தனாலை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதற்குத் தனியாக 1959-ஆம் வருட விதிகள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-ல் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. கள்ளச்சாராயத்தால் ஓர் உயிர் போனால் காய்ச்சியவருக்கும் விற்றவருக்கும் ஆயுள் சிறையும் 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க அது வழி செய்கிறது. பிறந்தநாள் கொண்டாட்டத்தில் நண்பனுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்து அவன் இறந்துபோனால் "ஆசையாத்தான் கொடுத்தேன்" என்று அவன் அப்பா அம்மாவிடம் போய் நிற்க முடியுமா?

இந்தச் சட்டம் பிறந்த மண்ணே நம்முடையது. 1921-ல் கள்ளுக்கடை மறியல் காலத்தில் ஈரோட்டுப் பெரியார் தன் தோப்பில் இருந்த 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் ஈரோட்டுக் கள்ளுக்கடை முன்னால் மறியல் நின்றார்கள். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி முதல் முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியையும் சேர்த்தது.

கள்ளைப் பற்றி இங்கே ஒரு வாதம் நீண்ட காலமாக நடக்கிறது. 1987-ல் இருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. அந்தத் தடையை எடுக்கச் சொல்லி நல்லசாமி தலைமையில் கள் இயக்கத்தார் இந்தப் பகுதியில் தொடர்ந்து போராடுகிறார்கள். தென்னை வைத்திருக்கும் விவசாயியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். "கள்ளு இயற்கைதானுங்க, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி யாரோ பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டு வருவதைக் குடிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் ஹைதராபாத் கூகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தார்கள். மரத்தில் இருந்து இறங்கியது வேறு, பாட்டிலில் உங்கள் கைக்கு வருவது வேறு.

இனி, மிக முக்கியமானது. தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது?

தெரியாத ஸ்பிரிட்டையோ கள்ளச்சாராயத்தையோ யாராவது குடித்துவிட்டார் என்று தெரிந்த அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அமிலம் சேர்கிறது. கண்ணுக்கு முன்னால் பனி மூடிய மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது, பக்கத்தில் இருப்பவர் முகம் மங்குகிறது, விடாத தலைவலி, வயிற்று வலி, மூச்சு வேகமாக வாங்குகிறது என்றால் மெத்தனால் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தூங்க வைக்காதீர்கள். மோர், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். நல்ல மதுவைக் கொடுத்தால் மெத்தனால் முறியும் என்று எங்கோ படித்துவிட்டு வீட்டில் பிராந்தி ஊற்றாதீர்கள். மருத்துவமனையில் எத்தனாலை மாற்று மருந்தாகக் கொடுக்கும் முறை உண்டுதான். அது ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்து மருத்துவர் கொடுப்பது. ஃபோமெபிசோல் என்ற ஊசி இருக்கிறது, அமிலத்தை ஈடுகட்ட மருந்து இருக்கிறது, விஷத்தை ரத்தத்தில் இருந்தே வெளியேற்ற டயாலிசிஸ் இருக்கிறது. நேரத்தோடு போனால் கண்ணும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி டயாலிசிஸ் வசதி இருக்கும் பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

போகும்போது மிச்சம் இருக்கும் பாட்டிலையோ கேனையோ கையோடு எடுத்துப் போங்கள். சேர்ந்து குடித்த எல்லோரும் போங்கள், நன்றாக இருப்பவரும் சேர்த்து. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "நேத்து சாப்பிட்ட பிரியாணி ஒத்துக்கலைங்க" என்று மழுப்பினால் அவர் வயிற்றுக்கோளாறுக்கு மருந்து கொடுத்து அனுப்புவார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ, வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் நேரத்தில் பெயர் கெட்டுவிடுமோ என்று ஒளிப்பதில் போகும் உயிர்கள் உண்டு. பெயர் பிறகு திரும்ப வரும். கண் வராது.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். கரைப்பான் கேனைப் பூட்டி வையுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வேலைக்கு வரும் பையன்களிடம், வடமாநிலத்தில் இருந்து வந்திருக்கும் பிள்ளைகளிடமும் அவர்கள் மொழியில், "இது குடித்தால் கண் போகும், உயிர் போகும்" என்று நேரில் சொல்லுங்கள். கேனின் மேல் தமிழில் பெரிதாக விஷம் என்று எழுதி ஒட்டுங்கள். மாதக் கணக்கு எடுக்கும்போது எத்தனை லிட்டர் குறைகிறது என்றும் பாருங்கள்.

பிள்ளைகள் வெளியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் அம்மாக்களே, அப்பாக்களே, அடுத்த முறை போகும்போது சமையலறை மேடையையும் சிங்க்குக்குக் கீழேயும் ஒரு பார்வை பாருங்கள். கண்டதும் கத்தாதீர்கள். கத்தினால் அடுத்த முறை வேறு இடத்தில் ஒளித்து வைப்பார்கள். உட்கார வைத்துப் பேசுங்கள். குடியை விட முடியாமல் தவிக்கும் பிள்ளை என்றால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

பீர் கசக்கிறது, வைன் புளிக்கிறது என்பவருக்கு எந்தக் குறையும் இல்லை. பிடிக்காததைப் பிடிக்க வைக்க மெனக்கெட வேண்டிய கட்டாயமும் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் போனால் விடியற்காலையில் தெளுவு, அதாவது பதநீர், கிடைக்கும். நன்னாரி இருக்கிறது, இஞ்சியும் எலுமிச்சையும் போட்ட சோடா இருக்கிறது. நண்பர்களோடு உட்கார அவை போதும்.

அந்தக் கேனை நானே பட்டறை முதலாளி கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்னாசி ஜாடி சாக்கடைக்குப் போயிற்று. பையன்கள் மூவரும் இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு சாயந்திரம் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் தெருவில் யாராவது காய்ச்சுகிறார்கள், விற்கிறார்கள் என்று தெரிந்தால் 10581-க்கு இலவசமாகச் சொல்லலாம். யாராவது குடித்துவிட்டால் 108. இரண்டு எண்களையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.